உப்புத் தண்ணீர் ஊரில் சிந்தெடிக் ஷேவிங் பிரஷ்

மதுரை வில்லாபுரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அப்பாவின் பழைய ஷேவிங் பிரஷ்ஷில் முடி கொட்டுகிறது, மழைக்காலத்தில் ஒரு மாதிரி வாடையும் அடிக்கிறது. அதனால் சிந்தெடிக் பிரஷ் ஒன்று வாங்கி நான்கு நாள் போட்டுப் பார்த்தேன். நுரை நிற்கவே மாட்டேன் என்கிறது, கண்ணாடி முழுக்கத் தெறிக்கிறது. பிரஷ் மோசமா, எனக்குத்தான் போடத் தெரியவில்லையா? பன்றி முடி பிரஷ்ஷுக்கே திரும்பிவிடலாமா?"

தம்பி, அவசரப்பட்டுத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விளக்குத்தூண் பக்கம் ஒரு பேன்சி ஸ்டோரில் 22 வருஷம் கல்லாவுக்கும் அலமாரிக்கும் நடுவில் நின்றவன் நான். ஷேவிங் பிரஷ் விற்றதற்குக் கணக்கே கிடையாது. ஆனாலும் நானே சிந்தெடிக்குக்கு மாறியபோது முதல் வாரம் உங்கள் கதைதான். தெறித்த நுரை வாஷ்பேசின் மேலே மாட்டியிருந்த காலண்டரில் போய் ஒட்டி, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது: பன்றி முடியில் முப்பது வருஷமாகப் பழகிய கையை அப்படியே இதில் போட்டால் வேலைக்கு ஆகாது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. அது எங்கள் வீட்டு போர் தண்ணீர்.

முதலில் கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். இப்போது வரும் நல்ல சிந்தெடிக் பிரஷ்களில் பெரும்பாலும் பிபிடி என்ற பாலியெஸ்டர் இழைதான் இருக்கும். பல் துலக்கும் பிரஷ்ஷிலும் இதே இழை உண்டு. 1938-ல் அமெரிக்காவில் நைலான் இழை வைத்த பல் பிரஷ் சந்தைக்கு வந்தது. அப்புறம் அதே நைலானை ஷேவிங் பிரஷ்ஷிலும் கட்டிப் பார்த்தார்கள். நான் கடையில் சேர்ந்த புதிதில் அந்த ரகம் இருந்தது. வெள்ளை வெளேரென்று, அடியிலிருந்து நுனி வரை ஒரே தடிமன், நுனியை நறுக்கென்று வெட்டி விட்டிருப்பார்கள். கன்னத்தில் வைத்தால் விளக்குமாற்றால் கூட்டுகிற மாதிரி இருக்கும். சிந்தெடிக் என்றாலே ஆகாது என்று நம் அப்பாமார்கள் சொல்வது அந்தப் பிரஷ்ஷை நினைத்துத்தான். இப்போதைய இழையின் நுனியை ரசாயனக் கரைசலில் முக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, ஊசி முனை மாதிரி மெலிய வைக்கிறார்கள். நுனி மெலிந்தால் வளைந்து கொடுக்கும். முகத்தில் மெத்தென்று இருப்பது அதனால்தான். நடுவில் கறுப்புப் பட்டையும் நுனியில் வெள்ளையுமாக இருப்பதைப் பார்த்து பேட்ஜர் என்ற விலங்கின் முடி என்று நம்பி விடாதீர்கள், அது வெறும் சாயம்.

இனி விஷயத்துக்கு வருவோம். முடி தண்ணீரைக் குடிக்கும். பன்றி முடி நன்றாகவே குடிக்கும். அதனால்தான் உங்கள் அப்பா ஷேவ் பண்ணுவதற்கு முன்னால் பிரஷ்ஷை டம்ளரில் ஊறப் போட்டுவிட்டுப் பேப்பர் படிக்கப் போவார். மூன்று நான்கு நிமிஷம் ஊறினால் முடி இளகும், உள்ளே குடித்த தண்ணீரைத் தேய்க்கத் தேய்க்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். பிபிடி இழை தண்ணீரைக் குடிப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். தண்ணீர் இழைக்கும் இழைக்கும் நடுவில் சும்மா தொற்றிக்கொண்டு நிற்கும். கிரீமில் வைத்து ஒரு அமுக்கு அமுக்கினால் மொத்தமும் ஒரே நேரத்தில் கொட்டிவிடும். கிரீம் கழனித் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். நுரை நிற்கவில்லை என்கிறீர்களே, பாதிக் கதை இதுதான்.

ஆகவே ஊற வைக்கும் வேலையே வேண்டாம். நனையுங்கள், எடுத்து இரண்டு தடவை நன்றாக உதறுங்கள். பிரஷ் ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. கிரீம் ஒரு புளியங்கொட்டை அளவு போதும். பன்றி முடிக்குப் பழகியவர்கள் நெல்லிக்காய் அளவு பிதுக்குவார்கள். அந்த முடி கிரீமில் கொஞ்சத்தைத் தானே விழுங்கிவிடும் என்பதால் அவர்களுக்கு அவ்வளவு தேவைப்படும், இதற்கு வேண்டாம். முகத்திலேயே தேய்க்கலாம். நான் சிரட்டையில் தேய்க்கிறேன். தேங்காய்ச் சிரட்டையை உள்பக்கம் லேசாக உப்புத்தாள் போட்டு வைத்தால் அதைப் போல நுரைக் கிண்ணம் வேறு கிடையாது. எவர்சில்வர் கிண்ணத்தில் கிரீம் வழுக்கிக்கொண்டே ஓடும், சிரட்டை பிடித்து வைத்துக்கொள்ளும்.

முதல் அரை நிமிஷம் நுரையை எதிர்பார்க்காதீர்கள். பசை மாதிரி, கொஞ்சம் வறண்டுதான் இருக்கும். பதறி, பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் போச்சு. நுனி மட்டும் தண்ணீரைத் தொட வேண்டும், ஒரு சொட்டு இரண்டு சொட்டு. திரும்பவும் சுற்றுங்கள். பசை மினுமினுக்கும். மறுபடி நுனியைத் தொட்டு எடுங்கள். மூன்றாவது நான்காவது முறையில் வெண்ணெய் பதம் வந்துவிடும். அதில் குமிழி கண்ணுக்குத் தெரியக் கூடாது. புளித்த தோசை மாவு மாதிரி பெரிய பெரிய குமிழி தெரிந்தால் காற்று ஏறிவிட்டது என்று அர்த்தம். பார்க்கப் பொங்கி நிற்கும், பிளேடு வைத்தால் அடியில் ஒன்றும் இருக்காது. அப்படி ஆனால் கிரீம் இன்னும் துளி சேர்த்து மெதுவாகச் சுற்றுங்கள்.

தெறிப்பதற்குக் காரணம் வேறு. இந்த இழைக்கு ஸ்பிரிங் குணம் ஜாஸ்தி. அழுத்தி வளைத்துவிட்டுச் சட்டென்று எடுத்தால் வில் மாதிரி நிமிரும், நுனியில் இருந்த நுரை பறக்கும். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் தெருமுனை சலூன்காரர். நான் தேய்ப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அண்ணே, என்னத்துக்கு இந்த அமுக்கு அமுக்குறீங்க? செவுத்துக்கு வெள்ளையடிக்கிற மாதிரி மேல கீழ விடுங்க, போதும்" என்றார். அவ்வளவுதான் சூட்சுமம். ஆரம்பத்தில் ஒரு சுற்று வட்டமாகத் தேய்த்துக் கிரீமைப் பரப்புங்கள். அப்புறம் நுனி மட்டும் வளைகிற அளவுக்கு மேலும் கீழுமாகப் பூசுங்கள். கடைசியில் பிரஷ்ஷின் அடிக்கட்டில் நிறைய நுரை தங்கியிருக்கும், இதற்கு அது ஒரு பழக்கம். இரண்டு விரலால் அடியைப் பிடித்துப் பிதுக்கினால் இரண்டாம் தடவை ஷேவ் பண்ணத் தேவையான நுரை அங்கேயே கிடைக்கும்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். இவ்வளவும் செய்தும் ஒரு மாதம் எனக்கு நுரை சரியாக வரவில்லை. வெளியூரில் மகள் வீட்டுக்குப் போனபோது அதே பிரஷ், அதே கிரீம், அப்படிப் பொங்கி வந்தது. ஊர் திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று எவர்சில்வர் டம்ளரை வரிசையாக வைத்தேன். ஒன்றில் வீட்டு போர் தண்ணீர், ஒன்றில் கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீர், ஒன்றில் கேன் தண்ணீர். மூன்றிலும் ஒரே அளவு கிரீம் போட்டு, ஒரே அளவு நேரம் கலக்கினேன். வீட்டில், "காலங்காத்தால இவருக்கு என்ன ஆச்சு" என்று பார்த்தார்கள். கேன் தண்ணீரில் நுரை திரண்டு நின்றது, நான் காபி குடித்துவிட்டு வந்த பிறகும் அப்படியே இருந்தது. குழாய்த் தண்ணீரில் கொஞ்சம் குறைவு, ஆனால் மோசமில்லை. போர் தண்ணீரில் நுரை என்று சொல்வதற்கே ஒன்றும் இல்லை. சாம்பல் நிறத்தில் திரிந்த மோர் மாதிரி திரிதிரியாக மிதந்தது. டம்ளர் ஓரத்தில் விரலை வைத்தால் பிசுபிசுவென்று ஒரு படலம்.

காரணம் லேசானதுதான். ஷேவிங் கிரீமும் சோப்பும் அடிப்படையில் ஸ்டியரிக் போன்ற கொழுப்பு அமிலங்களைக் காரத்தோடு சேர்த்துச் செய்தவை. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் அந்தக் கொழுப்பு அமிலத்தைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் கரையாத படிவாக மாறிவிடும். சோப்பு போட்டுக் குளித்த பிறகு வாளி ஓரத்தில் வெள்ளையாக ஒட்டியிருக்கிறதே, அதுவேதான். தண்ணீரில் இருக்கிற அந்தச் சத்து முழுவதும் தீர்ந்த பிறகு மிச்சம் இருக்கிற சோப்புதான் நுரைக்கும். நாம் மொத்தமாக உப்புத் தண்ணீர் என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் நாக்கில் கரிக்கிற உப்பு வேறு, சோப்பைத் திரிய வைக்கிற இந்தக் கடினத்தன்மை வேறு. நம் பக்கத்து போர்களில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வருவதால் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம்.

"அப்படியென்றால் அதே தண்ணீரில் அப்பாவுக்கு மட்டும் எப்படி நுரை வந்தது" என்று கேட்பீர்கள். அப்பா போட்ட கிரீம் அளவைப் பாருங்கள். நிறையப் போட்டால் பாதி திரிந்து போனாலும் மீதி நுரைக்கும். நீங்கள் சிந்தெடிக்குக்கு ஏற்ற மாதிரி அளவாகப் போட்டிருப்பீர்கள், அல்லது போதுமான அளவு போட்டு அதில் தண்ணீரைக் கொட்டியிருப்பீர்கள். இரண்டிலும் தண்ணீர்தான் ஜெயிக்கும்.

வழி சுலபம். ஒரு ஷேவுக்குப் பிரஷ் நனைக்கவும் நுரைக்கவும் அரை டம்ளர் தண்ணீர் தாராளம். குடிக்க வாங்கும் கேனிலிருந்தோ ஆர்ஓ குழாயிலிருந்தோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வைகைத் தண்ணீர் வருகிற நாளில் ஒரு பாட்டில் பிடித்து வைத்தாலும் சரி. முகம் கழுவ, ரேசர் அலச எந்தத் தண்ணீரும் போதும். சிலர் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பார்ப்பார்கள். பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மை கொதித்தால் அடியில் படிந்துவிடும், தெளிந்ததை இறுத்துக்கொள்ளலாம். சல்பேட், குளோரைடு வகை கொதித்தாலும் போகாது. எனக்கு அது கேஸுக்குப் பிடித்த கேடாகத்தான் தெரிந்தது.

இன்று சாயங்காலமே நீங்களும் அந்த டம்ளர் சோதனையைச் செய்து பாருங்கள். உங்கள் வீட்டு போர் தண்ணீரிலேயே நுரை நன்றாக நின்றால் நான் சொன்னதில் தண்ணீர்க் கதையை விட்டுவிடுங்கள், கைப்பழக்கம் மட்டும்தான் பாக்கி. ஒரு பத்து ஷேவில் படிந்துவிடும்.

பிரஷ்ஷே மோசமாக இருக்க வாய்ப்பு இல்லையா? இருக்கிறது. நுனியைக் கீழ் உதட்டில் லேசாகத் தடவிப் பாருங்கள், உதடு பொய் சொல்லாது. குத்தினால் அது பழைய நைலான் ரகம், எத்தனை பாடம் படித்தாலும் திருந்தாது. அடுத்து, நுனிகளைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு இழை வந்தால் பரவாயில்லை, கொத்தாக வந்தால் அடியில் பசை பிடிக்கவில்லை. வாங்கும்போது அளவையும் பார்க்க வேண்டும். இழைக் கட்டின் அடி 24 மில்லிமீட்டர் சுற்றளவு என்று யாராவது சொன்னால் திருத்துங்கள், அது குறுக்களவு. 22 முதல் 24 வரை முகத்தில் நேராகத் தேய்ப்பவர்களுக்கு வசதி. 26-க்கு மேல் போனால் மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் நுரை போகும். கட்டு ரொம்ப அடர்த்தியாக இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள், சிந்தெடிக்கில் அடர்த்தி கூடினால் ஸ்பிரிங்கும் கூடும். கைப்பிடி உங்கள் இஷ்டம். நான் வாங்கியது 350 ரூபாய்ப் பிரஷ், ஆறு வருஷமாக ஓடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கடையில் நின்றவன் என்ற முறையில். எங்கள் கடைக்கு வந்த மலிவுப் பிரஷ்களில் என்ன முடி என்று எழுதியே இருக்காது. பெரும்பாலும் பன்றி முடிதான். இஸ்லாமியர் பலர் வந்து நேராகவே கேட்பார்கள், சுத்த சைவக்காரர்கள் சிலரும் கேட்பார்கள். எங்கள் முதலாளிக்கே உறுதியாகத் தெரியாது. அப்போது நான் செய்தது இதுதான்: பிரஷ்ஷிலிருந்து ஒரே ஒரு இழையைப் பிடுங்கித் தீக்குச்சியில் காட்டுவேன். முடி என்றால் சுருண்டு பொசுங்கும், தலைமுடி கருகிய அதே நாற்றம் வரும், நசுக்கினால் பொடியாக உதிரும். சிந்தெடிக் என்றால் உருகும், ஆறியதும் நுனியில் கடுகு மாதிரி ஒரு கெட்டி உருண்டை நிற்கும். பேட்ஜர் என்று சொல்லி இணையத்தில் இருநூறு ரூபாய்க்கு வருகிறதே, அதையும் இப்படிச் சோதித்துப் பார்க்கலாம். கடுகு கிடைக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

முடிப் பிரஷ் என்றதும் ஒரு பழைய கதை. முதல் உலகப் போர் நடந்த வருஷங்களில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் புதிதாக வாங்கிய ஷேவிங் பிரஷ்ஷால் சிலருக்கு ஆந்த்ராக்ஸ் தொற்றி, உயிரும் போயிருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கம் ஆடு மாடு வைத்திருப்பவர்களைக் கேட்டால் அடைப்பான் என்பார்கள், அந்த நோய்தான். போரில் பேட்ஜர் முடி வரத்து தடைப்பட, சரியாகச் சுத்தம் செய்யாத குதிரை முடியைக் கட்டி விற்றதால் வந்த வினை. 1920-ல் ஜப்பானிலிருந்து ஷேவிங் பிரஷ் இறக்குமதி செய்வதைப் பிரிட்டன் தடையே செய்தது. இன்றைக்கு முடியைச் சுத்திகரித்துத்தான் கட்டுகிறார்கள், அப்பாவின் பிரஷ்ஷைப் பார்த்து நீங்கள் பயப்பட ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது, அந்தத் தலைவலியே சிந்தெடிக்கில் கிடையாது என்பதைத்தான்.

அந்த மழைக்கால வாடைக்கும் சிந்தெடிக்தான் பதில். குடித்த தண்ணீரைப் பன்றி முடி சீக்கிரம் விடாது. சித்திரை வெயிலில் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் ஜன்னல் சாத்திய பாத்ரூமில் ஈரத்தோடே அடுத்த நாளும் நனைந்தால் வாடை வராமல் என்ன செய்யும்? சிந்தெடிக் பிரஷ்ஷை உதறி, துண்டில் இரண்டு இழுப்பு இழுத்து நிறுத்தி வைத்தால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். தலைகீழாகத் தொங்க விட வேண்டும் என்று ஸ்டாண்டு விற்பார்கள், அவசியமில்லை. ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடாமல் இருந்தால் சரி.

நான்கு நாளும் போர் தண்ணீரில் போட்டிருந்தால் அந்தப் படிவு இழைகளின் அடியில் ஏற்கனவே ஏறியிருக்கும். ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து ஐந்து நிமிஷம் முக்கி வைத்து, நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். வினிகர் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு. பிரஷ் திரும்பவும் புதுசு மாதிரி விரியும். டெட்டால் கலந்த தண்ணீரும் இதை ஒன்றும் செய்யாது. ஆளுக்கு ஆள் ஒரே பிரஷ் போடுகிற சலூனுக்குச் சிந்தெடிக் ஏற்றது என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். கொதிக்கிற தண்ணீர் மட்டும் கூடாது. சூட்டில் இழை வளைந்தபடி நின்றுவிடும், அடிப்பசையும் இளகும். கை பொறுக்கிற சூடு போதும்.

குறையே இல்லையா என்றால், உண்டு. மார்கழிக் காலையில் வெந்நீர் நுரை சூடாக முகத்தில் உட்காருகிற சுகம் இதில் குறைவு, இழை சூட்டைப் பிடித்து வைக்காது. பன்றி முடி கன்னத்தைச் சுரண்டி விடுகிற அந்தச் சொரசொரப்பு சிலருக்கு வேண்டும், அது இல்லாமல் ஷேவ் பண்ணின மாதிரியே இருக்காது அவர்களுக்கு. நீங்கள் அந்த ரகம் என்றால் தாராளமாகப் பன்றி முடிக்கே போங்கள். இத்தாலியிலும் போர்ச்சுகலிலும் இன்றும் அருமையான பன்றி முடிப் பிரஷ்கள் செய்கிறார்கள். போடப் போட நுனி இரண்டாகப் பிளந்து மெத்தென்று ஆகும், அதற்குச் சில வாரம் பொறுக்க வேண்டும். பரு உள்ள முகம், தினமும் ஷேவ் பண்ணும் முகம் என்றால் என் ஓட்டு சிந்தெடிக்குக்கு.

அப்பாவின் பிரஷ்ஷில் முடி ஒவ்வொன்றாகக் கொட்டினால் அது இன்னும் சில வருஷம் ஓடும். அடிக்கட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மொத்தமும் லொடலொடவென்று ஆடினால் பசை விட்டுவிட்டது, அதோடு முடிந்தது. அப்புறம் அதைச் செருப்புக்குப் பாலிஷ் போட வைத்துக்கொள்ளலாம், அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.